பாசிக்காரியின் வலது கால்

மார்ச் 3, செவ்வாய்

பேய்க்கு முதுகு தைத்து முடித்தேன்.

இரண்டு பழைய மீன்வலை, மெத்தையிலிருந்து உருவிய ஸ்பாஞ்ச், பச்சைச் சாயத்தில் முக்கிய சணல் ஒரு மூட்டை. இவ்வளவுதான் பாசிக்காரி. தொலைக்காட்சியில் வெள்ளிக்கிழமை போடும் திகில் படத்துக்கு இதற்குமேல் கேட்டால் பேராசை. பன்னிரண்டு நாள் படப்பிடிப்பு, ஒரு குளம், ஒரு வீடு. பெரிய லைட் எடுக்க வழியில்லாததால் எங்கள் பேய் மத்தியானத்தில் வரும். அதையும் ஏதோ சாதனை மாதிரி சொல்லிக்கொள்கிறார் இயக்குநர்: "எல்லாரும் இருட்டுல காட்டிட்டாங்கக்கா, நாம வெயில்ல காட்டுவோம்." வெயிலானாலும் மழையானாலும் கையில் ஒரு கறுப்புக் குடை இல்லாமல் அந்த ஆளை யாரும் பார்த்ததில்லை. அதனால் அவர் பெயரே குடை.

கதை எல்லாரும் சின்ன வயதில் கேட்டதுதான். குளத்தில் கால் நனைத்துவிட்டுத் துடைக்காமல் வீட்டுக்கு வந்தால், அந்த ஈரத்தடத்தைப் பிடித்துக்கொண்டே பாசிக்காரி பின்னால் வருவாள். ஓடமாட்டாள், மெதுவாகத்தான் வருவாள். ஆனால் நிற்கவும் மாட்டாள். அம்மா இதை எங்களுக்குச் சொன்னதே வீட்டுத் தரை அழுக்காகக் கூடாது என்றுதான். அக்கா இன்னும் நம்புகிறாள். பேயை இல்லை, கால்மிதியை. குளியலறை வாசலில் ஒன்று, சமையலறையில் ஒன்று, வாசலில் இரண்டு. மிதிக்காமல் வந்தால் அவளே பாசிக்காரி ஆகிவிடுவாள்.

மார்ச் 5, வியாழன்

சாயம் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். அக்காவுக்குப் பல் டாக்டர் கிளினிக்கில் இன்று அரை நாள்தான் வேலை. கூடவே வந்தாள்.

வழக்கம்போல என் வலது பக்கம். வழக்கம்போல அந்தப் பெரிய கைப்பையைத் தொங்கவிட்டுக்கொண்டு, என் காலுக்கும் தெருவுக்கும் நடுவில். பதினோரு வருஷமாக இதே ஏற்பாடு. தொலைக்காட்சிக் கலைநிகழ்ச்சி மேடையில் இருபது பேர் ஆடினோம். பலகை உடைந்தது என் ஒருத்திக்குத்தான். கணுக்கால் மூன்று துண்டு. ஒட்டவைத்தார்கள், மடங்கவில்லை. அன்றிலிருந்து வலது காலை இழுத்துத்தான் நடக்கிறேன். ஆட்டத்தை விட்டு ஊசியைப் பிடித்தேன்.

நடையை மறைக்கச் சொல்லி நான் அவளிடம் ஒருநாளும் கேட்டதில்லை. வேண்டாம் என்றும் சொன்னதில்லை. அதுதான் இப்போது உறுத்துகிறது.

மார்ச் 9, திங்கள்

முதல் நாள் படப்பிடிப்பு. பேயாக நடிக்க உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து ஒரு ஆறடியைப் பிடித்து வந்திருந்தார்கள். தோள் இரண்டும் பீரோ மாதிரி. உடுப்பைப் போட்டுக்கொண்டு குளத்திலிருந்து ஏறி வந்தான் பாருங்கள், அணிவகுப்பு தோற்றது. லெப்ட் ரைட் போடாத குறை. கதாநாயகி பயப்பட வேண்டிய இடத்தில் சிரித்துவிட்டாள், பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

பதினொன்றே முக்காலுக்கு ஆறடி மயங்கி விழுந்தான். உடுப்புக்குள் அவ்வளவு புழுக்கம். எழுப்பித் தண்ணீர் கொடுத்ததும் அவன் முதலில் கேட்டது: "என் பைக் சாவி எங்க?"

மார்ச் 10, செவ்வாய்

ஆறடி வரவில்லை. போன் அணைத்து வைத்திருக்கிறான்.

எல்லாரும் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்குச் சும்மா இருக்கப் பிடிக்காது. நேற்று நனைந்ததில் இடுப்புத் தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்க, கீழ்ப் பாதியை மட்டும் மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி ஏறினேன். படியிலிருந்து கூடாரம் வரை நாற்பது அடி இருக்கும். தையலைக் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தேன்.

நிமிர்ந்தேன். கதாநாயகி போனைக் கீழே இறக்கியிருந்தாள். மேக்கப் மாமா (எங்கள் எல்லாருக்கும் அவர் மாமாதான்) வாயில் போட்ட பிஸ்கட்டை மெல்லாமல் நிற்கிறார். குடை தன் குடையை மடக்கியிருந்தார். அதை அவர் மடக்கி நான் பார்த்ததே இல்லை.

"அக்கா, இன்னொரு தடவ நடங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என்ன, வேடிக்கையா இருக்கா? சர்க்கஸா நடக்குது இங்க?"

"ஐயோ, இல்லக்கா." அவர் என் பின்னால் சிமென்ட் தரையைக் காட்டினார். ஒரு ஈரப் பாதம், பக்கத்தில் ஒரு நீளக் கோடு. மறுபடி ஒரு பாதம், ஒரு கோடு. படியிலிருந்து என் காலடி வரைக்கும். "எனக்கு பயமா இருக்குக்கா" என்றார்.

பதினோரு வருஷத்தில் என் நடையைப் பார்த்து ஐயோ பாவம் என்றவர்கள் உண்டு, சிரித்தவர்கள் உண்டு, வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தவர்கள்தான் அதிகம். பயந்தவன் இவன் ஒருத்தன்தான்.

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன். ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

மார்ச் 11, புதன்

ஆறடிக்குத் தைத்ததை எனக்காக வெட்டினேன். காலில் பத்து அங்குலம், தோளில் ஆறு. என்னிடம் இருக்கும் கத்தரிக்கோலுக்கு வலையும் சணலும் மசியவில்லை, கட்டைவிரலில் கொப்புளம். அக்கா கேட்டதற்கு "வேலை அதிகம்" என்றேன். பொய் இல்லையே.

மார்ச் 13, வெள்ளி

பாசிக்காரியின் கழுத்தில் ஒரு கிழிசல் இருக்கிறது, அது வழியாகத்தான் உலகம் தெரியும். கட்டைவிரல் அளவு உலகம். முதுகில் பன்னிரண்டு கொக்கி, மாமா வந்து கழற்றினால்தான் வெளியே வர முடியும். உட்கார முடியாது. தண்ணீர் ஸ்ட்ராவில். மூக்கு அரித்தால் அரித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். நனைந்தபின் ஒரு ஆள் முதுகில் ஏறிக்கொண்ட கனம்.

இதற்குள்ளே நின்றுகொண்டு நான் நடந்தேன். தெருவில் நடக்கும்போது காலை எவ்வளவு குறைத்து இழுக்கலாம் என்று ஒவ்வொரு எட்டுக்கும் மனசு கணக்குப் பார்க்கும். இங்கே எந்தக் கணக்கும் இல்லை. எவ்வளவு வருகிறதோ அவ்வளவும் இழுத்தேன். கதாநாயகி நிஜமாகவே கத்திவிட்டாள். "சாரிக்கா, வசனத்த மறந்துட்டேன்" என்றாள் அப்புறம். சாரி எதற்கு? எனக்கு யாரும் இவ்வளவு பெரிய மரியாதை செய்ததில்லை.

மார்ச் 16, திங்கள்

அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. பிடரியில் பச்சைச் சாயம். சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. காதுக்குப் பின்னால் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள், ஏதோ நான் மூன்றாம் வகுப்புப் படிப்பது மாதிரி.

"நீ தைக்கத்தானே போன? போட்டுக்கிட்டு ஆடவா போன?"

"ஆடல. நடக்கறேன்."

அவ்வளவுதான். அவள் முகம் போன போக்கை இங்கே எழுத முடியாது. "நடக்கறியா? அந்த நடையவா டிவியில காட்டப் போற? ஊரே உக்காந்து பாக்கறதுக்கா? ஏன்டி, உனக்குப் புத்தி கித்தி கலங்கிப் போச்சா? பதினோரு வருஷமா நான் உன் வலது பக்கமாவே நடந்தது இதுக்குத்தானா?"

"நான் கேட்டேனா?"

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

"நான் கேட்டேனா உன்ன? நீயா வந்து நின்ன. நீயா மறைச்ச. என் காலப் பாத்து உனக்குத்தான் வெக்கம், எனக்கு இல்ல!"

கடைசி வரி முழு உண்மை இல்லை. எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது, இத்தனை வருஷமும். ஆனால் சண்டை என்று வந்தபின் அதையெல்லாம் ஒப்புக்கொள்ள முடியுமா?

அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, துடைத்துக்கொண்டு, துடைத்துக்கொண்டே நின்றாள்.

மார்ச் 18, புதன்

அக்கா பேசவில்லை. சாப்பாடு மட்டும் மூடி வைத்திருக்கிறாள். நானும் பேசவில்லை. போகட்டும்.

இன்று துரத்தும் காட்சி. கதாநாயகி குளக்கரையில் இடமிருந்து வலமாக ஓடுகிறாள், நான் பின்னால் போகிறேன். அவள் பங்கு நேற்றே எடுத்தாயிற்று. இன்று என் பங்கு. கேமராவை வைத்துப் பார்த்தால் எனக்குப் பின்னால் அடுக்குமாடிக் குடியிருப்பு, மாடி மாடியாகத் துணி காய்கிறது. பேய்க்குப் பின்னால் போர்வையும் உள்பாவாடையும் ஆடினால் யார் பயப்படுவார்கள்? எதிர்க்கரையில்தான் வெறும் நாணல். அங்கே தண்ணீரிலிருந்து ஏறப் படி வலது கோடியில்தான், எடுத்தால் நான் வலமிருந்து இடமாகத்தான் வர முடியும். துரத்துகிறவள் எதிர்த் திசையில் போனால் அது துரத்தல் இல்லை, வேறு வேலையாகப் போவது.

"எடிட்டிங்ல கண்ணாடி மாதிரி திருப்பிப் போட்டுக்கலாம்" என்றார் கேமராக்காரர்.

"பேய்க்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதானே" என்றார் குடை.

சரி என்று எல்லாரும் தலையாட்டினோம். நானும்தான்.

மார்ச் 19, வியாழன்

கேமராக்காரர் எதிர்க்கரையிலிருந்து கத்துகிறார்: "அக்கா, மேகம் வருது, ஓடி வாங்க ஓடி வாங்க!" நானும் என் லட்சணத்துக்கு ஓடினேன். ஓடிய பிறகுதான் உறைத்தது. முன்பெல்லாம் யாராவது என்னிடம் தவறிப்போய் 'ஓடி வா' என்று சொல்லிவிட்டால் உடனே நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். இவர் கடிக்கவில்லை. லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 21, சனி

முடிந்தது. கடைசிக் கொக்கியைக் கழற்றும்போது மாமா, "எங்க பாசிக்காரிக்கு ஒரு கும்பிடு" என்றார். கூடாரத்துக்குப் பின்னால் போய் ஒரு பாட்டம் அழுதுவிட்டு வந்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

எடிட்டர் பெண் போன் செய்தாள். குரலே சரியில்லை. "அக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? உங்களுக்கு எந்தக் கால்?"

எடிட்டிங் அறைக்குப் போனேன். அலமாரி அளவு அறை, ஏசி ஒரு மூலையில் சொட்டிக்கொண்டிருக்கிறது. குடை, கேமராக்காரர், அவள். மூன்று பேரும் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். போட்டுக் காட்டினாள்.

வீட்டுக் காட்சியில் பாசிக்காரி வலது காலை இழுக்கிறாள். குளக்கரையில் இடது காலை. மறுபடி வீடு, வலது. மறுபடி குளம், இடது.

திருப்பிப் போட்டதில் காலும் திரும்பிவிட்டது.

"ஒருத்தருக்குமா தோணல?" என்றேன். "இத்தனை நாளா ஒரு நொண்டிய வெச்சுப் படம் எடுத்திருக்கீங்க. படமே அந்தக் காலாலதான் நடக்குது. திருப்பினா கால் மாறும்னு இத்தனை பேர்ல ஒரு ஜீவனுக்குத் தோணலையா? கண்ண எங்கய்யா வெச்சிருந்தீங்க?"

கேமராக்காரர் தலையைச் சொறிந்தார். "சத்தியமா மறந்துபோச்சுக்கா."

"என்ன மறந்துபோச்சு?"

"உங்களுக்குக் கால் அப்படின்றதே மறந்துபோச்சு. ரெண்டு நாள் பாத்தேன், அப்புறம் அது உங்க நடை, அவ்ளோதான். இப்ப எங்கப்பா எந்தக் கையால தலை வாருவாருன்னு கேட்டா எனக்குத் தெரியாது. அந்த மாதிரி."

கதவைப் படாரென்று சாத்திவிட்டு வந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மூன்று நிறுத்தம் வரை மனசுக்குள் திட்டினேன். நாலாவது நிறுத்தத்தில்தான் அவர் சொன்னது முழுசாக உள்ளே இறங்கியது.

மறந்துவிட்டார்களாம்.

நானும் தலையாட்டினேனே, அந்த எதிர்க்கரையில். எனக்கே ஞாபகம் வரவில்லையே. இந்தக் காலை நான் மறந்து இருந்த நாள் பதினோரு வருஷத்தில் எது? பஸ்ஸில் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

ஏப்ரல் 8, புதன்

சிரிப்பெல்லாம் ஒரு நாளைக்குத்தான். சேனலின் நிகழ்ச்சித் தலைவர் படத்தைப் பார்த்துவிட்டாராம். குடை போனில் மென்று மென்று சொன்னார். நடக்கும் காட்சி அத்தனையையும் தூக்கச் சொல்கிறார். நேராக நடக்கிற ஒரு ஆளை உடுப்பில் போட்டு, ஒரே நாளில் மறுபடி எடுத்துத் தர வேண்டுமாம்.

"கால் மாறினதுக்கா?"

"அது மட்டும் இல்லக்கா. அவரு என்ன சொல்றாருன்னா..."

"முழுங்காதீங்க, சொல்லுங்க."

"பேய் நொண்டினா யாரும் பயப்பட மாட்டாங்களாம். பரிதாபப்படுவாங்களாம்."

பரிதாபம்! அந்தச் சொல்லை வைத்து எனக்கு ஒரு வீடே கட்டலாம், அத்தனை பேர் அத்தனை தடவை கொடுத்திருக்கிறார்கள். ஒரு குளத்தையும் பன்னிரண்டு கொக்கியையும் தாண்டி அங்கேயும் வந்து நிற்கிறதா?

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று குடையிடம் கேட்டேன். சேனல் சொன்னால் எங்களால் என்ன செய்ய முடியும் என்றார். உங்களால் முடியாது, என்னால் முடியும் என்று வைத்துவிட்டேன். என்ன முடியும்? தெரியாது. நாளைக்குப் போகிறேன்.

ஏப்ரல் 9, வியாழன்

வரிசையாக எழுதி வைக்க வேண்டும், மறக்கக் கூடாது.

சேனல் அலுவலகம் நாலாவது மாடி. பளபளவென்று தேய்த்த தரை, இரண்டு பக்கமும் தொடர் நாயகிகளின் பெரிய படங்கள். கோடியில் அவர் அறை. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேஜையில் அதைத் தேடிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் பதறி எழுந்தார்.

"அடடா, நீங்களே வந்துட்டீங்களா? உக்காருங்க உக்காருங்க. லிப்ட்ல வந்தீங்களா? உங்களுக்குக் கால்..."

"நிக்கறேன்."

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்கள யாரும் குறை சொல்லல. டிவி பாக்கறவங்க மனசு எங்களுக்குத் தெரியும். இப்படி ஒரு நடையப் பாத்தா அவங்களுக்குக் கஷ்டமா இருக்கும்."

"சார், ஒரே ஒரு நிமிஷம். கதவத் திறந்தே வெச்சிருங்க. பாத்துக்கிட்டே இருங்க."

வெளியே வந்தேன். நடைபாதையின் அந்தக் கோடி வரை போனேன். மேஜை மேஜையாகத் தலைகள் திரும்பின. திரும்பட்டும். கோடியில் நின்று மூச்சு விட்டேன். என் வலது பக்கம் யாரும் இல்லை. கைப்பை இல்லை.

அப்புறம் நடந்தேன். உடுப்பு இல்லை, சணல் இல்லை. நேற்று துவைத்த சாதாரணப் பருத்திப் புடவை. கண்ணை அவர் முகத்தில் நிறுத்தினேன், எடுக்கவே இல்லை. காலை முழுசாக இழுத்தேன். அந்தத் தரையில் செருப்பு உரசும் சத்தம் நாலு மாடிக்கும் கேட்டிருக்கும். அவசரப்படவும் இல்லை, நிற்கவும் இல்லை. பாதி தூரத்தில் டைப் அடிக்கும் சத்தமெல்லாம் நின்றுவிட்டது. முக்கால் தூரத்தில் அவர் நாற்காலி சக்கரம் பின்னால் உருண்டு சுவரில் முட்டியது.

உள்ளே போய் அவர் மேஜைக்கு இந்தப் பக்கம் ஒட்டி நின்றேன். கால் அவருக்குத் தெரியாது.

"எந்தக் கால் சார்?"

"என்னது?"

"அவ்வளவு தூரம் நடந்து காட்டினேனே. நான் எந்தக் கால இழுக்கறேன்? சொல்லுங்க."

நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கினார். மறுபடி ஏற்றினார். "இடது" என்றார்.

காபி கொண்டுவந்து வாசலில் நின்ற அம்மாள், "வலதுங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

"படத்துல கால் மாறுதுன்னு சொன்னீங்க. கண்ணு முன்னால நடந்த காலே உங்களுக்குத் தெரியல. அது போகட்டும். இன்னொண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லணும். நான் வர்றப்போ உங்களுக்குப் பரிதாபமாவா இருந்துச்சு?"

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு மெல்ல, "எழுந்து போயிடலாம்னு இருந்துச்சும்மா" என்றார்.

"அதத்தான் சார் நாங்க படம் எடுத்திருக்கோம்."

வரும்போது அந்தக் காபி அம்மாள் எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார். நின்றுகொண்டே குடித்தேன். இன்னொரு டம்ளர் கேட்டேன், யாரிடமும் சொல்லவேண்டாம்.

ஏப்ரல் 10, வெள்ளி

அப்படியே போடலாம் என்று சொல்லிவிட்டாராம். கால் மாறுவதை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்றும் சொன்னாராம். குடைக்குத் தலைகால் புரியவில்லை. "என்னக்கா பண்ணீங்க?" நடந்தேன் என்றேன்.

ஏப்ரல் 17, வெள்ளி

இன்று ஒன்பதரைக்கு.

அக்காவிடம் சொன்னேன். ஒரு மாதத்தில் நாங்கள் பேசியது உப்பு, கேஸ், சாவி. "இன்னிக்குப் போடறாங்க" என்றேன். "எனக்குத் தலைவலி" என்று எட்டு மணிக்கே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

போனால் போகட்டும். எனக்கென்ன? நானே பார்த்துக்கொள்கிறேன்.

மணி பன்னிரண்டு. பார்த்துவிட்டேன். சும்மா சொல்லக்கூடாது, பயமாகத்தான் இருக்கிறது. புகை மெஷின் போடும் சத்தம் இரண்டு இடத்தில் கேட்கிறது, கதாநாயகியின் அண்ணன் ஒரு காட்சியில் கைக்கடிகாரத்தோடு செத்து அடுத்த காட்சியில் இல்லாமல் கிடக்கிறான். ஆனால் அந்த நடை... என் நடை. அக்கா இருந்திருக்கலாம்.

ஏப்ரல் 18, சனி

காலையிலிருந்து போன் ஓயவில்லை. நடப்பது இதுதான்: கால் மாறுவதை எல்லாரும் கவனித்திருக்கிறார்கள். ஒரு ஆள் விடாமல்! கவனித்து, அது தப்பு என்று யாருமே நினைக்கவில்லை. இரண்டு பாசிக்காரிகள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். வீட்டுக்குள் வருகிறவள் ஒருத்தி, வலது கால். குளக்கரையில் துரத்துகிறவள் இன்னொருத்தி, இடது கால். சேனலின் இணையப் பக்கத்தில் ஒரே அடிதடி. இரண்டு பேரும் தோழிகள் என்கிறார் ஒருவர். 'அக்கா தங்கச்சிதான், நடையைப் பார்த்தாலே தெரியவில்லையா?' என்று எழுதியிருக்கிறார் ஒரு பெண். முந்நூறு பேர் அதை ஆமோதித்திருக்கிறார்கள்.

நிகழ்ச்சித் தலைவர் குடையிடம், "இத முதல்லயே திட்டம் போட்டுத்தான் செஞ்சீங்களா?" என்று கேட்டாராம். குடை கொஞ்சமும் கூச்சமில்லாமல் "ஆமா சார், அதுதான் கதையோட உள்கரு" என்றாராம். உள்கருவாம்! எல்லாரும் மறந்துபோனதற்கு இப்படியொரு பெயர்.

ஏப்ரல் 20, திங்கள்

மூன்றாவது மாடியிலிருந்து இறங்குகிறேன். கீழ்வீட்டுப் பிள்ளைகள் நாலைந்து பேர் வராந்தாவில் வாளியில் கால் நனைத்துக்கொண்டு வரிசையாகக் காலை இழுத்துக்கொண்டு நடக்கிறார்கள். தரையெல்லாம் பாதம், கோடு. பாதம், கோடு. என்னைப் பார்த்ததும் கீழ்வீட்டு அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. பிள்ளையின் முதுகில் ஒன்று வைத்தாள். "மாடி வீட்டு அத்தை பாத்தா என்ன நெனைப்பாங்க? நில்லுங்கடா!"

"அடிக்காதீங்க" என்றேன். "தப்பா நடக்கறாங்க, அதான் தப்பு. இடுப்ப ஆட்டக் கூடாது. இடுப்பு ஆடினா அது வாத்து."

ஒரு தடவை நடந்து காட்டினேன், தெருவாசல் வரை. பிள்ளைகள் அலறிக்கொண்டு சிதறி ஓடின. என்ன ஒரு அலறல்! ரேஷன் கடைக்கு நான் போனது அந்தச் சத்தத்தில்தான்.

ஏப்ரல் 23, வியாழன்

சாப்பிடும்போது அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "இன்னிக்கு கிளினிக்குல ஒருத்தர், பல் எடுக்க வந்தவர், இடது கால்காரிதான் நிஜப் பாசிக்காரின்னு சொல்றார். வாயில பஞ்சு வெச்சிருந்தும் விடல."

"நீ என்ன சொன்ன?"

"வலது கால்தான் நிஜம்னு சொன்னேன். நல்லா உத்துப் பாருங்க, அவ தோள் சாயறது எப்படி, இவ தோள் சாயறது எப்படின்னு கேட்டேன். ஆளு வாயத் திறக்கல."

"உனக்குத்தான் அன்னிக்குத் தலைவலியாச்சே?"

"சத்தம் கேட்டுச்சு."

"சத்தத்துல தோள் தெரியுமா?"

"ரசத்த ஊத்திக்கோ, ஆறுது" என்றாள்.

அவள் அறைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் எப்போதும் ஒரு விரல் இடைவெளி இருக்கும். அங்கிருந்து பார்த்தால் டிவி நேராகத் தெரியும். இதை நான் இன்றுதான் போய்ச் சோதித்துப் பார்த்தேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

இன்று கொஞ்சம் தாமதமாகத்தான் விழித்தேன். கதவைத் திறந்து காலை வெளியே வைத்தால் ஜில்லென்று ஈரம்.

குனிந்து பார்த்தேன். குளியலறை வாசலிலிருந்து, கால்மிதியைத் தாண்டி, கூடத்தின் குறுக்கே என் அறை வாசல் வரை. ஒரு பாதம், ஒரு கோடு. ஒரு பாதம், ஒரு கோடு. கோடு இடது பக்கம்.

இந்த வீட்டில் இத்தனை வருஷத்தில் யாரும் ஈரக்காலோடு கூடத்தில் நடந்ததில்லை.

அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. புடவை ஓரம் மட்டும் முழங்கால் வரை நனைந்திருந்தது. தரையைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன்.

"என்ன இது, தரையெல்லாம் தண்ணி?"

"எனக்கென்ன தெரியும்?" பக்கத்தைப் புரட்டினாள். "அந்த இன்னொருத்தி வந்துட்டுப் போயிருப்பா."

குளியலறைக்குப் போய் இரண்டு காலிலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். துடைக்காமல் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.